கலிஃபோர்னியாவில் வீடு வாங்குவோர் நிலநடுக்கச் சட்டங்களைப் பயன்படுத்தும் முறை

ஃப்ரீமான்ட், ஹேவர்ட், சன்னிவேல், சான் ரமோன் போன்ற ஊர்களில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வீடு பார்க்கத் தொடங்கும்போது பள்ளியின் தரம், அலுவலகத்திற்குச் செல்லும் தொலைவு, வாசல் பார்த்திருக்கும் திசை ஆகியவற்றை மிகுந்த அக்கறையோடு விசாரிக்கின்றன. அந்த வீடு எத்தகைய மண்ணில் நிற்கிறது, அது அடித்தளத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரிப்பவர்கள் குறைவு. இத்தனைக்கும் இந்தக் கேள்விகளுக்கான பதில்களை விற்பவர் எழுத்தில் தர வேண்டும் என்று கலிஃபோர்னியச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அந்தத் தாள்கள் நம் கைக்கு வந்து சேர்கின்றன; கையெழுத்திடும் அவசரத்தில் அவற்றைப் புரட்டாமலே விட்டுவிடுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்த மாநிலத்தில் புதிய கட்டடங்களையும், அரசுப் பள்ளிகளையும், மருத்துவமனைகளையும் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. ஏற்கெனவே கட்டப்பட்டு மூன்று நான்கு கை மாறிய தனி வீட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலும் குறையைத் தெரிவிக்கும் கடமையை மட்டுமே அது விற்பவர் மீது சுமத்துகிறது. அந்தக் குறையைச் சரிசெய்வது வாங்குபவரின் பொறுப்பாக விடப்பட்டிருக்கிறது. ஆகவே எந்தத் தாளில் எதைப் பார்க்க வேண்டும், எந்த நாளுக்குள் பார்க்க வேண்டும் என்பதை அறிந்திருப்பது அவசியம்.

எந்தச் சட்டம் எதற்காக வந்தது

கலிஃபோர்னியாவின் நிலநடுக்கச் சட்டங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பேரழிவு இருக்கிறது. 1933 மார்ச் 10 அன்று மாலை 5:54 மணிக்கு லாங் பீச் பகுதியை உலுக்கிய 6.4 அளவு நிலநடுக்கத்தில் சுமார் 70 பள்ளிகள் அழிந்தன. பிள்ளைகள் வீடு திரும்பிவிட்ட நேரம் என்பதால்தான் அந்த வகுப்பறைகள் காலியாக இருந்தன. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10 அன்று, பள்ளிக் கட்டடங்களுக்கான ஃபீல்டு சட்டம் நிறைவேறியது. 1971 பிப்ரவரி 9 அன்று சான் ஃபெர்னாண்டோவில் நிலம் மேற்பரப்பு வரை கிழிந்து, மேலே நின்ற வீடுகளையும் சாலைகளையும் பிளந்தது. அடுத்த ஆண்டே, செயல்படும் பிளவின் மீது, அதாவது இரு பக்க நிலமும் உரசி நகரும் புவி விரிசலின் மீது, குடியிருப்புக் கட்டக் கூடாது என்று சொல்லும் அல்குவிஸ்ட்-பிரியோலோ சட்டம் இயற்றப்பட்டது. 1989 அக்டோபர் 17 அன்று நிகழ்ந்த லோமா பிரியட்டா நிலநடுக்கத்தின் மையம் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தபோதிலும், அந்த நகரின் மரீனா பகுதியில் நீர்நிலையைத் தூர்த்து உருவாக்கிய மண் குழம்பாகி வீடுகள் சரிந்தன. மண் குழம்பும் இடங்களையும் சரியும் மலைச்சரிவுகளையும் வரைபடமாக்கச் சொல்லும் சட்டம் 1990இல் வந்தது. 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜில் ஏற்பட்ட 6.7 அளவு நிலநடுக்கம் மருத்துவமனைகளுக்கான விதிகளை இறுக்கியதோடு, காப்பீட்டு முறையையே மாற்றியமைத்தது.

மத்திய அரசுக்கும் ஒரு சட்டம் உண்டு. 1977இல் இயற்றப்பட்டு, 2018இல் புதுப்பிக்கப்பட்ட நிலநடுக்க இடர் குறைப்புச் சட்டம் ஆய்வுக்கும், அபாய வரைபடங்களுக்கும், கட்டட விதிகளுக்கான அறிவியல் அடிப்படைக்கும் வழி செய்கிறது. ஆயினும் உங்கள் வீட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்று நேரடியாக ஆணையிடுபவை மாநிலமும் நகராட்சியும்தான். எனவே இந்தக் கட்டுரை மாநிலச் சட்டங்களையே பின்பற்றுகிறது.

விலை சொல்வதற்கு முன்

ஒரு வீடு பிடித்துப்போனவுடன், முகவரிடம் பேசுவதற்கு முன்பே, கலிஃபோர்னியப் புவியியல் ஆய்வகத்தின் ‘ஈகியூ ஜாப்’ என்ற இணைய வரைபடத்தைத் திறந்து அந்த முகவரியை இடுங்கள். அந்த மனை பிளவு வலயத்தில் இருக்கிறதா, மண் குழம்பும் வலயத்தில் இருக்கிறதா, நிலச்சரிவு வலயத்தில் இருக்கிறதா என்பதை அது தனித்தனியே காட்டும். கட்டணம் ஏதுமில்லை, இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆகாது.

பிளவு வலயத்திற்குள் மனை இருப்பதாலேயே பிளவு வீட்டிற்கு நேர் கீழே ஓடுகிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிளவின் இரு புறமும் சில நூறு அடி சேர்த்துத்தான் வலயம் வரையப்படுகிறது. அதே சமயம் அதை அலட்சியமாகவும் விட முடியாது. ஹேவர்ட் பிளவு ஃப்ரீமான்ட், ஹேவர்ட், ஓக்லாந்து, பெர்க்லி நகரங்களின் ஊடாகச் செல்கிறது; 1868 அக்டோபர் 21 அன்று அது பெரும் நிலநடுக்கத்தை உண்டாக்கியது. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வேகத்தில் அதன் இரு கரைகளும் ஒன்றையொன்று உரசி நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஹேவர்ட் நகரின் பழைய நகராட்சிக் கட்டடம் அந்த மெதுவான நகர்வினாலேயே விரிசல் விட்டுக் கைவிடப்பட்டது. வீடு பார்க்கப் போகும்போது அந்தத் தெருவின் நடைபாதை ஓரக்கல் நேர்கோட்டில் இருக்கிறதா, ஓரிடத்தில் திடீரென விலகியிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

வெளிப்படுத்தல் தாள்களைப் படிக்கும் முறை

1998 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தின்படி, விற்பவர் இயற்கை இடர் வெளிப்படுத்தல் அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். வெள்ளம், அணை உடைப்பு, காட்டுத் தீ தொடர்பான வலயங்களோடு பிளவு வலயமும், மண் குழம்பும் இடங்களும் நிலச்சரிவு இடங்களும் அடங்கிய நிலநடுக்க இடர் வலயமும் சேர்த்து மொத்தம் ஆறு வலயங்களுக்கு அதில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறிக்கப்பட்டிருக்கும். நமக்கு வேண்டியவை கடைசி இரண்டு. நிலநடுக்க இடர் வலயத்திற்கான வரியில் ‘மாநிலம் இன்னும் வரைபடம் வெளியிடவில்லை’ என்ற மூன்றாவது பதிலும் உண்டு. இந்த இடத்தில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். அந்தக் குறி, வீடு பாதுகாப்பான மண்ணில் இருக்கிறது என்பதற்கான சான்று ஆகாது. அரசு அந்தப் பகுதியை இன்னும் ஆராய்ந்து முடிக்கவில்லை என்பதே அதன் பொருள். அப்படிக் குறிக்கப்பட்டிருந்தால், அந்த மனை பழைய ஓடைப் படுகையிலோ தூர்த்த நிலத்திலோ அமைந்திருக்கிறதா என்பதை நகராட்சித் திட்டத் துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாள் கணக்கு மிக முக்கியம். நீங்கள் விலை சொல்லி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இந்த அறிக்கை தரப்பட்டால், நேரில் பெற்ற நாளிலிருந்து 3 நாட்களுக்குள், அஞ்சலில் அனுப்பப்பட்டிருந்தால் அஞ்சலில் சேர்த்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள், ஒப்பந்தத்திலிருந்து எழுத்து மூலம் விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் போட்டி மிகுந்த காலங்களில் விற்பவர்கள் எல்லாத் தாள்களையும் முன்கூட்டியே இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். விலை சொல்வதற்கு முன்பே தாள்கள் உங்களிடம் வந்துவிட்டால், இந்த விலகும் உரிமை எழுவதில்லை. தெரிந்தே வாங்கினீர்கள் என்று கொள்ளப்படும். ஆகவே சனிக்கிழமை வீட்டைப் பார்த்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை விலை சொல்லப் போகிறீர்கள் என்றால், இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமையை இந்தத் தாள்களுக்கென ஒதுக்கிவிடுங்கள்.

1960ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட மரச்சட்டக வீடாக இருந்தால், மேற்சொன்ன அறிக்கையோடு நிலநடுக்கக் குறைகளுக்கென்றே ஒரு தனிப் படிவத்தையும், மாநில நிலநடுக்கப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வீட்டு உரிமையாளர் கையேட்டையும் விற்பவர் தர வேண்டும். என் கணிப்பில் கற்றை முழுவதிலும் மிகப் பயனுள்ள தாள் இந்தப் படிவம்தான். வாட்டர் ஹீட்டர் சுவரோடு கட்டப்பட்டிருக்கிறதா, வீடு அடித்தளத்தோடு போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கிறதா, தரைக்கும் அடித்தளத்துக்கும் இடையிலுள்ள குட்டைச் சுவர்கள் வலுவூட்டப்பட்டிருக்கின்றனவா, அடித்தளம் கம்பியில்லாத செங்கல்லாலோ கல்லாலோ ஆனதா, மலைச்சரிவில் உயரமான தூண்கள் மீது வீடு நிற்கிறதா, கார் கொட்டகைக்கு மேலே அறை இருக்கிறதா என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கிறது. பதில்களில் ‘தெரியாது’ என்பதையும் சட்டம் அனுமதிக்கிறது. விற்பவர் பொறியாளரை வைத்துக் கண்டறிய வேண்டும் என்றோ, குறையைச் சரிசெய்து தர வேண்டும் என்றோ சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகையால் ‘தெரியாது’ என்ற குறிகள் நிறைந்த படிவத்தைக் கண்டால், அவற்றை ‘இல்லை’ என்றே வாசித்துக்கொண்டு மேற்கொண்டு விசாரிப்பது நல்லது.

நாங்கள் கிழக்கு வளைகுடாவில் 1950களில் கட்டப்பட்ட வீட்டை வாங்கியபோது, எங்கள் கைக்கு வந்த படிவத்தில் வாட்டர் ஹீட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ‘தெரியாது’ என்றே குறிக்கப்பட்டிருந்தது. அலமாரி ஒன்றின் தரையிலிருந்த சிறு கதவைத் திறந்து, கைவிளக்கோடு கீழே இறங்கிப் பத்து நிமிடம் பார்த்ததில் ஒரு போல்ட்கூட இல்லை என்று தெரிந்தது.

கீழே இறங்கி எதைப் பார்ப்பது

தரைக்கடியில் தவழ்ந்து செல்லும் அளவுக்கு இடம் உள்ள வீடுகளுக்கு மட்டுமே இந்தப் பகுதி பொருந்தும். கான்கிரீட் பலகையின் மீதே கட்டப்பட்ட வீடுகளில் இப்படிப் பார்க்க முடியாது. நீங்களே இறங்கத் தயங்கினால், வீட்டு ஆய்வாளரிடம் இந்த இரண்டையும் படம் எடுத்துத் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, கான்கிரீட் அடித்தளத்தின் மேல் படுக்கையாகக் கிடக்கும் மரக்கட்டை. இதன் மீதுதான் முழு வீடும் உட்கார்ந்திருக்கிறது. சுமார் 4 முதல் 6 அடிக்கு ஒன்றாக, இந்தக் கட்டையின் மேல் போல்ட்டின் மறையும் வாஷரும் தென்பட வேண்டும். அவை இல்லாவிட்டால் வீடு தன் எடையால் மட்டுமே அங்கே நிற்கிறது. நிலம் பக்கவாட்டில் அசையும்போது அடித்தளம் நகர்ந்துவிட, வீடு அதிலிருந்து வழுக்கி விழுகிறது. விழும்போது எரிவாயுக் குழாயும் மின் இணைப்பும் அறுந்துபோவதால் தீயும் பற்றக்கூடும்.

இரண்டாவது, அந்தக் கட்டைக்கும் வீட்டின் தரைக்கும் இடையே ஓர் அடியோ நான்கு அடியோ உயரத்தில் நிற்கும் குட்டைச் சுவர். உட்புறத்திலிருந்து பார்க்கும்போது வெறும் மரத்தூண்கள் மட்டும் தெரிந்தால் அது பலவீனமானது; தூண்களின் மேல் பிளைவுட் பலகை நெருக்கமாக ஆணியடிக்கப்பட்டிருந்தால் வலுவூட்டப்பட்டது. வீட்டின் மற்ற சுவர்கள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், இந்தக் குட்டைச் சுவர் சீட்டுக்கட்டைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மேலுள்ள அனைத்தும் கீழே இறங்கிவிடும்.

குறையைச் சரிசெய்யும்போது

வாட்டர் ஹீட்டரிலிருந்து தொடங்குங்கள். அதைச் சுவரோடு கட்டியிருக்க வேண்டும் என்பது எல்லா வீடுகளுக்கும் பொருந்தும் சட்டம். விற்பவர் அவ்வாறு கட்டப்பட்டிருப்பதாக எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். தொட்டியின் உயரத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கில் ஒரு பட்டையும், கீழ் மூன்றில் ஒரு பங்கில் இன்னொரு பட்டையும் இருக்க வேண்டும். கீழ்ப்பட்டை கட்டுப்பாட்டுக் கருவிக்குக் குறைந்தது 4 அங்குலம் மேலே அமைய வேண்டும். ஒரே ஒரு பட்டையை நடுவில் சுற்றியிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம், அது போதாது. சாவியை வாங்குவதற்கு முன் விற்பவரிடமே இதைச் செய்து தரும்படி கேட்பது முறையான கோரிக்கை.

அடித்தளப் பணிக்கு நகராட்சியின் பெர்மிட் வேண்டும். 1980க்கு முன் கட்டப்பட்ட, தவழிடம் உள்ள வீடுகளுக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில், ‘எர்த்குவேக் பிரேஸ் பிளஸ் போல்ட்’ என்ற திட்டத்தின் கீழ் 3,000 டாலர் வரை மானியம் கிடைக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கூடுதல் தொகையும் உண்டு. பதிவுக் காலம் அறிவிக்கப்படும்போது இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பிப்போர் மிகுதியாக இருப்பதால் குலுக்கல் முறையில் தேர்வு நடக்கிறது. தேர்வாகி அனுமதி வருவதற்கு முன் வேலையைத் தொடங்கிவிட்டால் மானியம் கிடைக்காது. ஒப்பந்தக்காரரின் உரிம எண்ணை மாநில உரிம வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வலுவூட்டினால் சொத்து வரி கூடிவிடுமோ என்று தயங்குபவர்கள் உண்டு. 2010 ஜூனில் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, நிலநடுக்க வலுவூட்டல் பணிக்காக வீட்டின் வரி மதிப்பை உயர்த்த முடியாது. வீடு கை மாறும் வரை இந்தச் சலுகை நீடிக்கும். அதற்கான விண்ணப்பத்தைக் கவுண்டியின் வரி மதிப்பீட்டு அலுவலகத்தில் உரிய காலத்திற்குள் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிளவு வலயத்தில் வாங்கிய வீட்டைப் பின்னாளில் பெரிதாக்க எண்ணுவோருக்கு ஒரு குறிப்பு. கூடுதல் கட்டுமானத்தின் மதிப்பு ஏற்கெனவே உள்ள கட்டடத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் போகாதவரை அல்குவிஸ்ட்-பிரியோலோ சட்டம் குறுக்கே வராது. இரண்டு மாடிக்கு மிகாத தனி மரவீடு ஒன்றை மட்டும் கட்டுவதற்கும் விலக்கு இருக்கிறது. இருப்பினும் நகராட்சிகள் மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான விதிகளை வைத்துக்கொள்ளலாம். வரைபடக் கலைஞருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.

காப்பீடு

சாதாரண வீட்டுக் காப்பீடு நிலநடுக்கச் சேதத்தை ஏற்பதில்லை. நிலநடுக்கத்தைத் தொடர்ந்து பற்றும் தீயினால் வரும் சேதத்தை மட்டும் அது ஏற்க வேண்டும் என்பது சட்டம். வீட்டுக் காப்பீடு விற்கும் நிறுவனம், நிலநடுக்கக் காப்பீட்டையும் வழங்க முன்வருவதாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கடிதத்திற்கு 30 நாட்களுக்குள் பதில் அனுப்பாவிட்டால் நீங்கள் மறுத்துவிட்டதாகக் கொள்ளப்படும். விளம்பரத் தாள் என்று நினைத்து நம்மவர்கள் குப்பையில் போடும் கடிதங்களில் இதுவும் ஒன்று.

நார்த்ரிட்ஜ் இழப்புக்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் பின்வாங்கியதால், 1996இல் மாநிலச் சட்டமன்றம் கலிஃபோர்னிய நிலநடுக்க ஆணையத்தை உருவாக்கியது. பெரும்பாலான நிறுவனங்கள் இந்த ஆணையத்தின் காப்பீட்டையே விற்கின்றன. டிடக்டிபிள், அதாவது இழப்பில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 5 சதவீதத்திலிருந்து 25 சதவீதம் வரை இருக்கிறது. வீட்டின் வயதையும் மதிப்பையும் பொறுத்துத் தேர்வுகள் மாறும். திரும்பக் கட்ட 6,00,000 டாலர் ஆகும் வீட்டுக்கு 15 சதவீதம் என்றால், முதல் 90,000 டாலர் உங்களுடையது. இந்தக் கணக்கைக் கேட்டவுடன் பலர் காப்பீடே வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். சிறு விரிசல்களுக்கு இது உதவாது என்பது உண்மைதான். வீடு முழுவதும் குடியிருக்கத் தகுதியற்றதாகி, வங்கிக் கடன் மட்டும் அப்படியே தொடரும் நிலைக்குத்தான் இந்தக் காப்பீடு பயன்படும். முறையாக வலுவூட்டிய பழைய வீடுகளுக்குப் பிரீமியத்தில் 25 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் போல்ட், பிறகு காப்பீடு.

வாடகைக்கு இருப்போரும் காண்டோ வாங்குவோரும்

கீழ்த்தளம் முழுவதும் கார் நிறுத்துமிடமாகத் திறந்து கிடக்க, அதன் மேல் இரண்டு மூன்று மாடிகள் எழும்பிய பழைய மரக் குடியிருப்புகள் மிக ஆபத்தானவை. நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற அத்தகைய குடியிருப்பு சரிந்து 16 பேர் இறந்தனர். சான் ஃபிரான்சிஸ்கோ 2013இலும், லாஸ் ஏஞ்சலஸ் 2015இலும் 1978க்கு முந்தைய இத்தகைய கட்டடங்களைக் கட்டாயமாக வலுவூட்டச் சட்டம் இயற்றின. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்தப் பணி முடிந்துவிட்டதா என்று நகரின் கட்டடத் துறை இணையதளத்தில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பல நகரங்களில் இன்னும் அப்படியொரு சட்டமே இல்லை. கம்பியில்லாத செங்கல் கட்டடங்களின் வாசலில், அவை நிலநடுக்கத்தில் பாதுகாப்பற்றதாக இருக்கலாம் என்று எச்சரிக்கும் பலகை இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கடைத்தெருக்களில் கண்ணில் படும் அந்தப் பலகையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள்.

காண்டோவை, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்தமாக வாங்கும் வீட்டைப் பொறுத்தவரை, குடியிருப்போர் சங்கத்தின் பொதுக் காப்பீட்டில் நிலநடுக்கம் அடங்குகிறதா என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள். அடங்காவிட்டால், கட்டடத்தைச் சரிசெய்யச் சங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் விதிக்கும் தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அதற்கென்றே தனிக் காப்பீட்டுப் பிரிவு ஒன்று இருக்கிறது.

பிள்ளைகளின் பள்ளி

ஃபீல்டு சட்டம் அரசுப் பள்ளிகளையும் சமுதாயக் கல்லூரிகளையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. வரைபடங்களை மாநிலக் கட்டடக் கலைஞர் அலுவலகம் சரிபார்த்து, கட்டும்போது சுதந்திரமான ஆய்வாளர் ஒருவர் தொடர்ந்து மேற்பார்வையிட வேண்டும். தனியார் பள்ளிகளும், கடைத்தொகுதிகளில் இயங்கும் மழலையர் காப்பகங்களும் இதற்குள் வருவதில்லை. வார இறுதித் தமிழ் வகுப்புகளுக்கு இடம் தேடும் பெற்றோர், வாடகை குறைவு என்பதற்காகப் பழைய கட்டடத்தை ஏற்பதைவிட, அரசுப் பள்ளியின் வகுப்பறைகளைக் கேட்டுப் பெறுவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டிலுள்ளோரைப் பழக்குதல்

ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோருக்கு, நிலம் அதிர்ந்தால் வெளியே ஓட வேண்டும் என்பதே பழக்கமாக இருக்கும். இங்கே சொல்லித்தரப்படுவது வேறு: இருந்த இடத்திலேயே குனிந்து, உறுதியான மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பற்றிக்கொள்ள வேண்டும். குனிய இயலாத முதியவர்கள் கட்டிலில் இருந்தால் அங்கேயே தலையணையால் தலையையும் கழுத்தையும் மறைத்துக்கொள்ள வேண்டும். ‘மைஷேக்’ செயலியின் முன்னெச்சரிக்கை ஒலி சில விநாடிகள் முன்னதாக வரக்கூடும். அது தமிழில் பேசாது என்பதால், அந்த ஒலி கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்கள் வந்திறங்கிய வாரத்திலேயே ஒருமுறை செய்துகாட்டுங்கள். ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை மாநிலம் முழுவதும் நடக்கும் ஒத்திகையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எரிவாயு மீட்டருக்கு அருகில் அதை மூடுவதற்கான திறப்புக் கருவியைக் கட்டித் தொங்கவிடுங்கள். வாயு வாசனையோ சீறும் ஒலியோ இருந்தால் மட்டும் மூட வேண்டும். மூடிய பிறகு மீண்டும் திறப்பதற்கு எரிவாயு நிறுவனத்தின் பணியாளர்தான் வர வேண்டும், அதற்குப் பல நாட்கள் காத்திருக்க நேரலாம்.